யோசேப்பு தன் எலும்புகளைப் பற்றிச் சொன்னான், அப்பாவை நான் சொல்லவிடவில்லை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பன்னிரண்டு மணி தாண்டியதும் எங்கள் சபையில், புது வருடத்துக்குக் கடவுள் தரும் வாக்காக ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஒரு பிளாஸ்டிக் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், குடும்பத்துக்கு ஒருவர் போய் ஜெபம் பண்ணி ஒன்றை எடுத்து வருவார். 2024 பிறந்த அந்த இரவில் எங்கள் வீட்டுக்காக அப்பா போனார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்று, தட்டின் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்து, கண்ணாடி கொண்டுவராததால் என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் அருவிப் படம், மறுபக்கம் சங்கீதம் 91:16. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்கு அப்போது 76 வயது, சர்க்கரை இருந்தது, முந்தைய மழைக்காலத்தில்தான் நெஞ்சுச் சளியால் பத்து நாள் படுத்து எழுந்திருந்தார். அந்த அட்டையை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். ஆகஸ்ட் 17 ராத்திரி அப்பா இறந்துபோனார்.

இதை எழுதுவது கடவுளைக் குறைசொல்ல அல்ல. நான் செய்த ஒரு தவறை இன்னும் நிறைய கிறிஸ்தவ வீடுகளில் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாட்களும் அதற்கப்புறம் வந்த ஐந்து மாதங்களும் வேறு மாதிரி இருந்திருக்கும். அதனால் சொல்கிறேன்.

தவறு நடந்தது பிப்ரவரியில். ஒரு சாயங்காலம் அப்பா சமையல்கட்டுத் தரையில் பேப்பர் விரித்து எனக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் பழகிக்கொண்ட வேலை அது. உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எம்மா, நான் போயிட்டேன்னா..." என்று ஆரம்பித்தார். நான் உடனே, "அப்பா, அவிசுவாசமாப் பேசாதீங்க, வசனம் வந்திருக்குல்லா" என்று ஃபிரிட்ஜைக் காட்டினேன். அவர் கையில் இருந்த வெங்காயத்தை உரித்து முடித்து, "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பரலோகத்தைப் பற்றிப் பாடுகிறோம், உயிர்த்தெழுதல் இருக்கிறது என்று அறிக்கை செய்கிறோம், ஆனால் வீட்டுக்குள் வயதானவர் ஒருவர் தன் சாவைப் பற்றி வாயைத் திறந்தால் அதை அடக்கிவிடுகிறோம், அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்துவிடுகிறோம். எனக்கு அது விசுவாசம் இல்லை, பயம். இப்போது புரிகிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் காய்ச்சல் வந்தது, நிமோனியா என்றார்கள், தாம்பரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு நாள், அதில் ஏழு நாள் ஐசியுவில். சனிக்கிழமை இரவு பத்தே காலுக்கு முடிந்துவிட்டது. அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து முந்தின நாளே வந்திருந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஐசியுவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நர்ஸ் வந்து, "பாடியை எங்கே எடுத்துட்டுப் போறீங்க, ஊருக்கா, இங்கேயா" என்று கேட்டார். அந்தப் பெண் அவர் வேலையைத்தான் செய்தார். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்து, "அப்பா உன்கூடத்தானே பதினோரு வருஷம் இருந்தாரு, உனக்குத் தெரியாதா?" என்றான். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டான். அப்பாவுக்கு எந்தச் சட்டை பிடிக்கும், டீயில் எத்தனை சொட்டுப் பால், எந்தப் பாட்டை எந்த ராகத்தில் இழுப்பார், எல்லாம் எனக்குத் தெரியும். அவரை எந்த மண்ணில் வைக்கவேண்டும் என்பது தெரியவில்லை.

சென்னையில் என்றால் எங்கே? நான் போகும் சபை, எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராமல் ஒரு வாடகை மண்டபத்தில் நடக்கும் தனிச் சபை. இருநூறு பேர் வருவோம், ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் குறைவே கிடையாது, ஆனால் எங்களுக்கென்று கல்லறைத் தோட்டம் இல்லை. ஒன்பது வருடமாகப் போகிறேன், இந்தக் கேள்வி என் மனதில் ஒரு தடவைகூட வந்ததில்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் பாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போய் ஜெபம் பண்ணினார், அப்புறம் "இடத்துக்கு விசாரிக்கணும் சிஸ்டர், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, திங்கள்தான் ஆபீஸ்ல ஆள் இருப்பாங்க" என்றார். நகரத்தில் பழைய கிறிஸ்தவக் கல்லறைகளில் இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல இடங்களில் ஏற்கனவே குடும்பக் கல்லறை இருந்தால் அதைத் திறந்து வைக்கத்தான் வழி. தனிச் சபைக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த வாரமே உங்கள் பாஸ்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் சபையில் ஒருவர் இறந்தால் எந்த இடத்தில் அடக்கம், யாரிடம் அனுமதி, எவ்வளவு கட்டணம்? கேட்பதில் பாவம் எதுவும் இல்லை.

அத்தைக்குப் போன் போட்டோம். அப்பாவின் தங்கை, ஊரிலேயே இருக்கிறார். "அண்ணி பக்கத்துலதாம்மா அண்ணன் இருக்கணும், ஊருக்குக் கொண்டாங்க" என்று அழுதார். அம்மா 2011-ல் இறந்து எங்கள் ஊர்க் கல்லறையில் இருக்கிறார். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி என்கிற செம்மண் மேட்டின் ஓரத்தில் ஒரு கிராமம், தாம்பரத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டர். அத்தை அழுத அழுகையில் முடிவாகிவிட்டது.

பில் முடித்து உடலைக் கையில் கொடுக்க விடிந்துவிட்டது. அதற்குள் மூன்று இடத்தில் ஏமாந்தோம், மூன்றையும் சொல்லிவிடுகிறேன். உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றும் எம்பாமிங் பண்ணினால்தான் இவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று வார்டு பக்கம் நின்ற ஒருவர் சொல்ல, 9,000 கொடுத்தோம். விமானத்தில் அனுப்பத்தான் அதைக் கட்டாயம் கேட்பார்கள். ஃப்ரீசர் பெட்டி வைத்த ஆம்புலன்ஸில் பதினோரு மணி நேரம் சாலையில் போக அது தேவைப்பட்டிருக்காது. ஆம்புலன்ஸுக்கு முதலில் 38,000 கேட்டார்கள், அண்ணன் பேசி 31,000 ஆக்கினான். அடுத்த மாதம் அதே தூரத்துக்கு இன்னொரு குடும்பம் 22,000 கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். மருத்துவமனை வாசலில் நிற்கும் வண்டி ஒன்றையே கேட்டு முடிவு செய்யாமல் வெளியே இரண்டு நம்பருக்காவது போன் செய்து கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இறந்தவர் என்றால் 155377-க்கு அழைத்தால் அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, தனியாரில் இருந்த எங்களுக்கு அது கிடைக்கவில்லை. மூன்றாவது பெட்டி. வாசல் பக்கத்துக் கடையிலேயே 18,000 கொடுத்து வார்னிஷ் பூசிய பெட்டி ஒன்று வாங்கினோம். ஊரில் ஆசாரி 7,000-க்கு நல்ல பெட்டியே செய்து வைத்திருக்கிறார் என்று போய்ச் சேர்ந்த பிறகு அத்தை சொன்னார். அந்த நேரத்தில் யாரும் பேரம் பேச மாட்டார்கள், அப்பாவுக்குச் செய்வதில் கணக்குப் பார்ப்பதா என்று நமக்கே கூச்சமாக இருக்கும். விற்கிறவர்களுக்கும் அது தெரியும். அதனால் சொந்த ரத்தம் அல்லாத, தலை தெளிவாக இருக்கும் ஒருவரைப் பணம் பேச விடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர், யாராவது.

காலை எட்டு மணிக்கு வண்டி கிளம்பியது. ஐந்து மணியிலிருந்தே ஊர்ச் சபை மூப்பர் ஒருவருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை. அவர் கோவிலில் இருந்தார், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வண்டி விழுப்புரம் தாண்டிப் போகும்போது இங்கே என் சபையில் ஆராதனை நடந்துகொண்டிருந்திருக்கும், அங்கே ஊர்க் கோவிலில் அப்பா படித்த, அப்பாவுக்குக் கல்யாணம் ஆன அதே பீடத்துக்கு முன்னால் ஆராதனை. நடுவில் நெடுஞ்சாலையில் நாங்கள். எந்தக் கோவிலுக்கும் சொந்தம் இல்லாதவர்கள் மாதிரி ஒரு நினைப்பு வந்து நெஞ்சை அடைத்தது.

பதினொன்றரைக்கு மூப்பர் கூப்பிட்டார். நல்ல மனிதர், எனக்கு மாமா முறை. முதலில் அழுதார். அப்புறம் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். அப்பா 2013-ல் என்னோடு சென்னைக்கு வந்ததிலிருந்து ஊர்ச் சபைக்குச் சங்கக் காணிக்கை, அதாவது உறுப்பினர் சந்தா, கட்டவில்லை. மாதம் நூறு ரூபாய், பதினோரு வருடப் பாக்கி 13,200. இரண்டு வருடம் முன்பு பட்டியலைச் சரிபார்த்தபோது அப்பா பெயரை எடுத்துவிட்டார்கள். இப்போது பாக்கியைக் கட்டி, கல்லறை இடத்துக்கு 10,000 கட்டினால் கமிட்டியில் பேசிப் பார்க்கலாம் என்றார். கேட்டதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "செத்த ஆளுக்கு வாடகை கேக்குறீங்களா மாமா" என்று கத்தினேன், டிரைவர் திரும்பிப் பார்த்தார். மாமா பேசாமல் இருந்தார். பிறகு இன்னும் தணிந்த குரலில் ஒன்று கேட்டார். "கேக்கேன்னு தப்பா எடுத்துக்காத. அப்பா அங்க முழுக்கு ஞானஸ்நானம் எதுவும் எடுத்தாரா?"

இந்தக் கேள்வியின் கனம் நம் சபைகளுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. எங்கள் ஊர்ச் சபை மாதிரி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவர் பிறகு வேறு சபையில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தால், தாய்ச்சபை உரிமை போய்விட்டது என்று பார்க்கும் ஊர்கள் உண்டு, கல்லறையில் இடம் மறுத்த இடங்களும் உண்டு. அப்பா எடுக்கவில்லை. என் பாஸ்டர் இரண்டு முறை கேட்டும், "குழந்தையிலேயே எடுத்தாச்சு ஐயா, ஆண்டவருக்கு அது ஞாபகம் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அப்போது எனக்கு அவர் மேல் வருத்தம். அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்து "இல்ல மாமா, எடுக்கல" என்று சொன்னபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அடுத்த நொடி இன்னொன்று உறைத்தது. நான் எடுத்திருக்கிறேன், 2015-ல். அப்படியானால் அம்மாவும் அப்பாவும் இருக்கப்போகும் அந்த இடத்தில் எனக்கு இடம் இல்லை. திருச்சி வரை யாரோடும் பேசவில்லை.

காணிக்கை விஷயத்தில் என் கோபம் இப்போது இல்லை. சொல்லத்தான் வேண்டும். அந்தக் கல்லறைக்குச் சுற்றுச்சுவர் கட்டியது, முள் வெட்டுவது, மழையில் சரிந்த மண்ணை அள்ளிப் போடுவது எல்லாம் அந்த நூறு ரூபாய்களில்தான் நடக்கிறது, அங்கேயே இருந்து கட்டுகிறவர்களுக்குச் சொந்த வீடு மாதிரி அது. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் கேட்கும் விதம் இன்னும் நன்றாக இருக்கலாம், முதலில் அடக்கம் பண்ணுவோம், பிறகு பேசுவோம் என்று சொல்லலாம். ஆனால் கேட்டதே அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆபிரகாம் சாராளை அடக்கம் பண்ண இடம் கேட்டுப் போகும் ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தை அப்புறம்தான் நிதானமாக வாசித்தேன். நிலத்துக்காரன் எப்பெரோன் முதலில் சும்மாவே தருகிறேன் என்கிறான், பிறகு எனக்கும் உமக்கும் நடுவில் நானூறு வெள்ளி என்ன பெரிது என்கிறான், ஆபிரகாம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் நிறுத்துக் கொடுக்கிறார். கடவுள் தருவதாகச் சொன்ன தேசத்தில் அவர் கைக்கு வந்த முதல் சொந்த நிலம் ஒரு கல்லறை. பத்து தடவையாவது வாசித்திருப்பேன், அதற்கு முன் இது கண்ணில் படவே இல்லை.

ஊரைவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பெற்றோர் ஊர்ச் சபையில் பெயர் வைத்திருக்க ஆசைப்பட்டால் வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டி ரசீது வாங்கி வையுங்கள். ஊர் வேண்டாம், இப்போது இருக்கும் இடத்துச் சபைதான் என்றால் அங்கிருந்து மாற்றுக் கடிதம் வாங்கி இங்கே உறுப்பினர் ஆகுங்கள். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. அப்பா அப்படித்தான் நின்றார், நான் நிற்க வைத்தேன்.

ராத்திரி ஏழரைக்கு ஊர் போய்ச் சேர்ந்தோம். வண்டி முக்கு திரும்பும்போது கோவில் மணி அடிக்க ஆரம்பித்தது, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விட்டு. 23,200 ரூபாயை அண்ணன் கட்டி ரசீது வாங்கினான். அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இல்லை, நாங்கள் வராத வருடங்களில் அங்கே இரண்டு கல்லறைகள் வந்துவிட்டன. பதின்மூன்று வருடம் ஆகிவிட்டதால் அம்மா கல்லறையையே திறந்து அப்பாவை வைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னார்கள். திங்கள்கிழமை விடியற்காலை குழி வெட்டும்போது நானும் போனேன், பெண்கள் வரக்கூடாது என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள், போனேன். மேலே சிவப்புத் தேரி மண், இரண்டு முழம் போனதும் ஈரமாகக் கறுத்திருந்தது. குழி வெட்டிய தாத்தா ஓர் இடத்தில் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினார். அம்மா பெட்டியின் கைப்பிடி ஒன்று, துருவேறி, பாதி வளையமாக. அதைத் தன் தோள் துண்டில் துடைத்து, அதே துண்டில் சுற்றி, கால்மாட்டில் ஓரமாக வைத்தார். "அம்மா இங்கனதான் இருக்கா, பயப்படாத" என்றார். அந்தப் பதினோரு நாளிலும் அந்த இரண்டு நாளிலும் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதலான வார்த்தை அதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

ஏனென்றால் மற்ற வார்த்தைகள் அப்படி. நம் ஆட்கள் துக்க வீட்டுக்கு நிச்சயம் வருவார்கள், அந்த விஷயத்தில் குறை சொல்லவே முடியாது. வந்து வாயைத் திறக்கும்போதுதான் கஷ்டம். "கர்த்தருக்குச் சித்தம், அழக்கூடாது" என்றார்கள். "இன்னும் ரெண்டு நாள் உபவாசம் இருந்திருக்கலாம்" என்றார் ஒரு சித்தி. என் பாஸ்டர் போனில் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்து, "எங்கோ நம்ம விசுவாசத்துல ஒரு குறை இருந்திருக்கு சிஸ்டர்" என்றார். ஃபிரிட்ஜில் அட்டை ஒட்டி, அப்பாவைப் பேசக்கூட விடாமல் விசுவாசித்த என்னிடம். அந்த ஒரு வாக்கியத்தால் நான்கு மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. சபைக்குப் போவேன், பாடும்போது உதடு அசையும், சத்தம் வராது. சாட்சி நேரத்தில் மற்றவர்கள் சுகம் கிடைத்ததைச் சொல்லும்போது எழுந்து வெளியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று இருக்கிறது. கெடுத்தது எல்லாம் எட்டாவது நாளில் பேச ஆரம்பித்த பிறகுதான்.

ஊரில் ஓர் அக்கா வந்தார், அதிகம் பழக்கம்கூட இல்லை. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் துணிப்பை மூலையில் கிடந்தது, அதைத் திறக்கத் தைரியம் இல்லாமல் நான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அக்கா அதை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வேட்டி, துண்டு, இரண்டு சட்டை எல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். துக்க வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்கள் எதுவும் சொல்லாமல் ஏதாவது ஒரு வேலையை எடுத்துச் செய்துவிட்டு வாருங்கள், போதும்.

அப்புறம் காகிதங்கள். இதில் எனக்கு ஐந்து மாதம் போனது, அத்தனைக்கும் காரணம் ஓர் எழுத்து. தாத்தா பெயர் யோவான். அதனால் அப்பா பள்ளிச் சான்றிதழிலும் பென்ஷன் புத்தகத்திலும் ஒய். ஞானராஜ். ஆதாரில் யாரோ ஆங்கில வழக்கத்துக்கு ஜான் என்று போட்டதால் ஜே. ஞானராஜ். மருத்துவமனையில் சேர்த்த அன்று அவசரத்தில் என் பையன் படிவத்தில் இனிஷியலே இல்லாமல் ஞானராஜ் என்று எழுதிவிட்டான். இறப்புச் சான்றிதழ் அப்படியே வந்தது. நம் ஆட்களில் இது வீட்டுக்கு வீடு உண்டு. யோசுவா ஜோஷ்வா, யாக்கோபு ஜேக்கப், பவுல் பால். வேதாகமப் பெயரைத் தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும் சொல்வோம், சாகும்வரை அது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. மருத்துவமனையில் சேர்க்கும்போது ஆதாரைக் கொடுத்துப் படிவத்தில் பெயரை எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள், ஏனென்றால் அங்கே எழுதியதுதான் பதிவாளருக்குப் போகிறது. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், அடக்கம் செய்த ஊரில் அல்ல. நான் ஊர்ப் பஞ்சாயத்தில் போய்க் கேட்டு ஒரு நாளை வீணாக்கினேன். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் கிடையாது, அதற்குள் பதிவு ஆகிவிட்டதா என்று மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழை இணையத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

பெயர் திருத்தத்துக்கு நான்கு தடவை லீவு போட்டு அலைந்தேன். வாரிசுச் சான்றிதழுக்கு அம்மாவின் இறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார்கள், 2011-ல் வாங்கியது எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அதற்கு வேறு அலைந்தேன். கடைசியில் சலித்துப்போய் ஓர் ஏஜென்டிடம் 6,000 கொடுத்தேன். அவர் செய்தது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்ததுதான், அதற்கப்புறம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது தன் வழியில் போனது. சொத்தில் எனக்குப் பங்கு உண்டா என்று சொந்தத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். கிறிஸ்தவர்களான நமக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. உயில் இல்லாமல் இறந்தால், துணை உயிரோடு இருந்தால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. துணை இல்லையென்றால் முழுவதும் பிள்ளைகளுக்குச் சமம், ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, கல்யாணம் ஆகிவிட்டது என்பதும் கணக்கில்லை. அண்ணன் இதை என்னிடம் தகராறு பண்ணவில்லை, அதற்குக் கடவுளுக்கு நன்றி.

இன்னொன்று, பென்ஷன். அப்பா ஏடிஎம் கார்டு என்னிடம்தான் இருக்கும். செப்டம்பரிலும் பணம் ஏறியது, நாற்பதாம் நாள் ஜெபச் செலவுக்கு எடுத்துவிட்டேன். தப்பு என்று தோன்றவே இல்லை, அப்பா பணம்தானே என்று நினைத்தேன். இறந்த தேதிவரைதான் பென்ஷன் உரிமை, அதற்குமேல் ஏறியது அரசுப் பணம், திரும்பக் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். இறந்த உடனே கருவூலத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், அந்தக் கார்டைத் தொடாதீர்கள்.

எம்பாமிங், வண்டி, பெட்டி, ஏஜென்ட், இந்த நான்கில் மட்டும் தெரியாமல் விட்டது 35,000. அது போகட்டும். பணம் எனக்கு வலிக்கவில்லை.

டிசம்பரில் ஒருநாள் எபிரெயர் 11 வாசித்துக்கொண்டிருந்தேன். விசுவாச வீரர்கள் பட்டியல். ஆபேல், ஏனோக்கு, நோவா. யோசேப்பின் வாழ்க்கையில் எவ்வளவு இருக்கிறது, குழியில் போட்டதும், சிறையும், சொப்பனங்களும், பஞ்சத்தில் தேசத்தையே காப்பாற்றியதும். அதில் ஒன்றையும் அந்த அதிகாரம் சொல்லவில்லை. "விசுவாசத்தினாலே யோசேப்பு" என்று ஆரம்பித்துச் சொல்வதெல்லாம், சாகப்போகும் நேரத்தில் அவன் இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்படுவதைப் பற்றிப் பேசி, "தன் எலும்புகளைக்குறித்துக் கட்டளைகொடுத்தான்" என்பதைத்தான். என் எலும்புகளை எகிப்தில் விடாதீர்கள், கொண்டுபோங்கள் என்று தன் சகோதரரிடம் சொன்னதை வேதம் விசுவாசம் என்று எழுதி வைத்திருக்கிறது. நான் அதையே அவிசுவாசம் என்று சொல்லி வாயடைத்திருக்கிறேன். வேதாகமத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அப்பா இறந்து நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கடவுளிடம் வாய்விட்டுப் பேசினேன், பேசியதில் பாதி கோபம். சங்கீதம் 88 ஒரு வெளிச்சமும் இல்லாமல் முடிகிறது, அதையும் அவர்தான் வேதத்தில் வைத்திருக்கிறார், அதனால் என் கோபம் அவருக்குப் புதிது இல்லை என்று தைரியமாகப் பேசினேன்.

பாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை அவரிடமே திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு என்ன சொல்றதுன்னு தெரியல சிஸ்டர், ஏதாவது சொல்லணுமேன்னு சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றார். மன்னித்தேன், உடனே இல்லை, வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து. சபையில் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு பக்கம். ஆதாரில் உள்ளபடி பெயர், ஊர்ச் சபை இருக்கிறதா, எங்கே அடக்கம் விரும்புகிறார், அவசரத்துக்கு இரண்டு நம்பர், பணம் பேச ஒரு ஆள். முதல் ஞாயிறு ஏழு குடும்பம்தான் எழுதினார்கள், சில பேர் இது அபசகுனம் என்றே சொன்னார்கள். இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கிறது. அருகில் உள்ள மாநகராட்சி இடுகாட்டில் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கிய பகுதிக்கு யாரிடம் போகவேண்டும் என்பதையும் விசாரித்து முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

அந்த அருவி அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்பாவின் வேதாகமத்தில் 91-ஆம் சங்கீதத்திலேயே வைத்திருக்கிறேன். 76 வருடம் நீடித்த நாட்கள் இல்லையா என்று சில நாள் தோன்றும், சில நாள் தோன்றாது.

போன மாதம் என் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். பையனைக் கூப்பிட்டேன், அவனுக்குப் பத்தொன்பது வயது. "டேய், நான் போயிட்டேன்னா..." என்று ஆரம்பித்ததும் "அம்மா, எதுக்கு இப்போ இதெல்லாம், சும்மா இரு" என்றான். அப்படியே என் குரல். உட்காருடா என்றேன். உட்கார்ந்தான். ஊரில் எனக்கு இடம் கிடைக்காது, அதனால் இங்கேதான், வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில், சாதாரணப் பெட்டி போதும், முடிந்தால் தாத்தா பாட்டி கல்லறையிலிருந்து ஒரு கைப்பிடி சிவப்பு மண் கொண்டுவந்து போடு என்று சொன்னேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி, நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "உன் ஆதார் எங்கம்மா, இனிஷியல் எது போட்டிருக்கு?" என்று கேட்டான்.